கோணிப்போன பழைய வீட்டுக்கு வினைல் சைடிங்: அளவெடுப்பதிலிருந்து கடைசி வரிசை வரை

நியூ ஜெர்சி, பென்சில்வேனியா பக்கம் 1900-க்கும் 1940-க்கும் இடையில் கட்டிய மரச்சட்ட வீட்டை வாங்கி, சைடிங்கை, அதாவது வெளிச்சுவரை மூடும் பலகை வரிசைகளை, தாங்களே மாற்ற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வீடுகளில் அஸ்திவாரம் ஒரு மூலையில் இறங்கியிருக்கும். அதன்மேல் படுத்திருக்கும் சில் மரம் ஈரத்திலோ கரையானிலோ இற்று நசுங்கியிருக்கும். பின்னாளில் ஒட்டிக் கட்டிய சமையலறை தன் போக்கில் வேறு பக்கம் சாய்ந்திருக்கும். பழைய சைடிங் மங்கிக் கிடக்கும்வரை இது கண்ணை உறுத்தாது. புதிய சைடிங் போடுவது என்பது வீட்டைச் சுற்றி நான்கு இன்ச்சுக்கு ஒரு கோடு இழுப்பது. அதுவரை மறைந்திருந்த கோணல் அத்தனையும் அந்தக் கோடுகளில் வந்து நிற்கும்.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வீட்டை அளக்காமல் முதல் வரிசையை அடித்துவிடுவதில்தான். மரப்பலகை, ஃபைபர் சிமென்ட் பலகை என்றால் வரிசைக்கு அரைக்கால் இன்ச் கூட்டியும் குறைத்தும் மேலே போகப் போகச் சரிக்கட்டலாம். வினைல் என்னும் பிளாஸ்டிக்கில் வரும் பேனல்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்பவை. முதல் வரிசை எப்படிச் சாய்கிறதோ, அப்படியேதான் கூரை விளிம்பு வரை சாயும். அதனால் இந்த வழிகாட்டியில் கணிசமான பங்கு, சுத்தியலைக் கையில் எடுப்பதற்கு முந்தைய வேலையைப் பற்றியது.

1. பொருள் வாங்குவதற்கு முன்

உடம்புக்கு ஆபத்தானவற்றை முதலில் பாருங்கள். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 1978-ல்தான் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய வீடு என்றால் வெளிச்சுவர்ப் பெயின்ட்டில் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். காய்ந்த பெயின்ட்டைச் சுரண்டித் தேய்க்காதீர்கள், தரையில் கனமான பிளாஸ்டிக் ஷீட் விரியுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். கூலிக்கு ஆள் வைத்தால், ஈயப் பெயின்ட் உள்ள வீட்டில் வேலை செய்வதற்கான ஈபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) சான்றிதழை அவரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பழைய சைடிங் சாம்பல் நிறத்தில் கெட்டியான, எளிதில் உடையும் வில்லைகளாக இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட்டாக இருக்கக்கூடும். அதை உடைக்கவோ அறுக்கவோ கூடாது. ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பி முடிவு வந்தபின் அடுத்த அடி வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்று உறுதியானால் உரிமம் உள்ளவர்களைக் கொண்டே கழற்றுங்கள்.

டவுன்ஷிப் (உள்ளூராட்சி) அலுவலகத்தில் பெர்மிட் தேவையா என்று கேளுங்கள். வீடு வரலாற்றுப் பாதுகாப்புப் பகுதிக்குள் இருந்தால் வினைலுக்கே அனுமதி கிடைக்காமல் போகலாம். மின்மீட்டரும் கம்பியும் சுவரைவிட்டு நகர வேண்டுமென்றால் மின்நிறுவனம்தான் செய்ய வேண்டும். அவர்கள் வரும் தேதிக்குக் காத்திருக்க நேரும், ஆகவே முதலிலேயே சொல்லி வையுங்கள்.

பேனலைப் பொறுத்தவரை, பழைய வீட்டுக்கு மெலிந்ததை வாங்காதீர்கள். தரவிதி கேட்கும் குறைந்தபட்சத் தடிமன் 0.035 இன்ச். நான் 0.044-க்குக் குறைந்து சொல்ல மாட்டேன். மெல்லிய பேனல் சுவரின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அப்படியே வெளியே காட்டும். 'டபுள் ஃபோர்' என்னும் வகையில் ஒரு பேனலில் நான்கு இன்ச் வரிசை இரண்டு இருக்கும், அது 8 இன்ச் உயரத்தை மூடும், நீளம் பன்னிரண்டரை அடி, ஒரு பெட்டியில் 24 பேனல், 200 சதுர அடி. சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்ப்பது வழக்கம். கோணலான வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் சாய்வாக வெட்டிய துண்டு இன்னொரு இடத்துக்கு ஒத்து வராது.

2. வீட்டை ஒரே கோட்டிலிருந்து அளந்து எழுதுங்கள்

ஒவ்வொரு சுவரையும் தனித்தனியாக ரசமட்டம் வைத்துப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. நான்கடி ரசமட்டத்தை ஆறு முறை நகர்த்தி 24 அடிச் சுவரை அளந்தால், ஒவ்வொரு நகர்த்தலிலும் சேரும் சிறு பிழைகளே அரை இன்ச்சாகிவிடும். வீடு முழுவதற்கும் ஒரே மட்டக்கோடு வேண்டும்.

சுழலும் லேசர் இருந்தால் நல்லது. வெயிலில் கற்றை தெரியாது, சாயங்காலம் பாருங்கள். லேசர் இல்லாவிட்டால் நம்மூர்க் கொத்தனார்கள் பிடிக்கும் லெவல் ட்யூபே போதும். வீட்டின் பாதிச் சுற்றளவுக்கு எட்டும் நிறமற்ற ட்யூப், சாயம் கலந்த தண்ணீர், கூட ஒரு ஆள். ட்யூபுக்குள் காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக்கூடாது. அளக்கத் தொடங்குமுன் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இரண்டிலும் ஒரே உயரத்தில் நிற்கவில்லையென்றால் குமிழி இருக்கிறது.

மட்டக்குறியை அஸ்திவாரச் சுவரில் போடுங்கள், பழைய சைடிங்கில் வேண்டாம். பலர் சைடிங்கின்மேல் அழகாக சாக் லைன் (சுண்ணப்பொடி தடவிய நூலைத் தட்டிப் போடும் கோடு) அடித்துவிட்டு, மறுநாள் அந்தச் சைடிங்கையே கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். கோடு அதோடு போய்விடுகிறது. அஸ்திவாரம் தரைக்கு மேலே போதுமான அளவு தெரியாத இடத்தில் ஒரு முளை அடித்து அதன்மேல் குறியுங்கள்.

எல்லா மூலைகளிலும் குறி போட்டுச் சுற்றி வந்து, தொடங்கிய குறியை மறுபடி பாருங்கள். அரைக்கால் இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தச் சுற்றை மறந்துவிட்டு மீண்டும் அளக்க வேண்டும்.

இனி அந்தக் கோட்டிலிருந்து இவற்றை அளந்து எழுதுங்கள்: ஒவ்வொரு மூலையிலும் சில் மரத்தின் அடி, கூரையின் சாஃபிட் (சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பின் அடிப்பக்கம்), தரை, ஒவ்வொரு ஜன்னலின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும், இடது வலது இரு பக்கமும், கதவுகளின் தலைப்பு. சில் மரம் தெரிவதற்கு மூலைகளில் மட்டும் பழைய சைடிங்கின் அடிவரிசை இரண்டைப் பெயர்த்தால் போதும். அளவுகளை வீட்டின் நான்கு பக்கப் படத்தை வரைந்து அதன்மேலேயே எழுதுங்கள். எண்களை வரிசையாகப் பட்டியல் போட்டால் எது எந்தப் பக்கம் சாய்கிறது என்று மனதில் பதியாது.

சில் மரம் ஓரிடத்தில் மட்டும் திடீரென்று அரை இன்ச்சுக்கு மேல் இறங்கியிருந்தால் நிறுத்துங்கள். அது பழைய சாய்வாக இராது, மரம் இற்றுப்போயிருக்கலாம். ஒரு கூர்மையான திருப்புளியால் குத்திப் பாருங்கள். எளிதாக உள்ளே இறங்கினால் சைடிங் வேலைக்கு முன் அதைப் பழுது பார்த்தாக வேண்டும். இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் வீட்டின்மேல் சைடிங் போடுவது காசை வீணாக்குவது.

3. எந்தக் கோட்டைப் பின்பற்றுவது

முழு வேலையும் இந்த ஒரு தீர்மானத்தில்தான் நிற்கிறது. அவசரப்படாமல், தாளில் செய்யுங்கள்.

தயாரிப்பாளர்கள் எல்லோரும் ஸ்டார்ட்டர் ஸ்ட்ரிப்பை, அதாவது முதல் வரிசையின் அடி மாட்டிக்கொள்ளும் பட்டையை, மட்டமாக அடிக்கச் சொல்கிறார்கள். அதுவே முதல் தேர்வு. ஆனால் பார்ப்பவர் கண்ணிடம் ரசமட்டம் இல்லை. அது சைடிங் கோட்டைப் பக்கத்திலிருக்கும் இன்னொரு கோட்டோடு ஒப்பிடும்: மேலே சாஃபிட், நடுவில் ஜன்னல் தலைப்பு, கீழே அஸ்திவாரம். இந்த மூன்றும் ஒரே திசையில் சாய்ந்திருக்கும் சுவரில் சைடிங் மட்டும் மட்டமாக இருந்தால், சைடிங்தான் கோணல் என்று கண் சொல்லும்.

ஒரு உதாரணம். முன்சுவர் 24 அடி. இடமிருந்து வலமாக சில் மரம் ஒன்றரை இன்ச் இறங்குகிறது, சாஃபிட் ஒரு இன்ச், ஜன்னல் தலைப்புகளை ஒரே நீட்டில் பார்த்தால் முக்கால் இன்ச். சைடிங்கை மட்டமாக அடித்தால் கடைசி வரிசை இடது முனையில் 6 இன்ச்சும் வலது முனையில் 5 இன்ச்சுமாக நிற்கும். சாஃபிட்டுக்கு அடியில் அந்த ஆப்பு வடிவம் தெருவிலிருந்தே தெரியும். இங்கே மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, மட்டமாக அடித்துவிட்டு ஆப்பை ஒரு பலகைக்குள் ஒளிப்பது. சாஃபிட்டுக்குக் கீழே ஐந்தரை இன்ச் பிவிசி பலகையை வையுங்கள். அதன் மேல் விளிம்பு சாஃபிட்டோடு ஒட்டிச் சாயும், கீழ் விளிம்பை மட்டமாக அறுத்துவிடுங்கள். இடது முனையில் பலகை ஐந்தரை, வலது முனையில் நாலரை. கோடுகளே இல்லாத வெற்றுப் பலகையில் 24 அடிக்கு ஒரு இன்ச் குறைவதைக் கண் பிடிக்காது. அஸ்திவாரப் பக்கமும் இதையே செய்யலாம்: ஒரு பாவாடைப் பலகை, மேல் விளிம்பு மட்டம், கீழ் விளிம்பு சில் மரத்தின் சாய்வு. பலகையின் தலையில் இசட் வடிவ ஃப்ளாஷிங் (தண்ணீரை வெளியே திருப்பும் தகடு) கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் அதன் பின்னால் தண்ணீர் இறங்கும்.

இரண்டாவது, வீட்டின் சாய்வையே பின்பற்றுவது. வீடு முழுதும் ஒரே பக்கம் இறங்கியிருந்தால் மட்டும் இது பொருந்தும்.

மூன்றாவது, பாதிப் பாதி: சைடிங்கை அரை இன்ச் சாய்த்து, மீதி அரை இன்ச்சை மேல் பலகையில் ஒளிப்பது. சாய்வு ஒரு இன்ச்சுக்கு மேல் உள்ள முன்சுவர்களில் எனக்குப் பிடித்தது இதுதான். அரை இன்ச்சுக்குக் குறைந்த சாய்வென்றால் யோசிக்கவே வேண்டாம், மட்டமாக அடியுங்கள். மட்டத்தைவிட்டு விலகுவதாக இருந்தால், நீங்கள் வாங்கும் பேனலின் உத்தரவாத விதிகளை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

இப்போது பலரும் கோட்டைவிடும் இடம். முன்சுவரைச் சாய்த்து அடித்துவிட்டு, பக்கச்சுவரை மட்டமாக முதல் மூலையிலிருந்தே கணக்கிட்டால், மூலையில் இரண்டு பக்கத்துக் கோடுகளும் சேராது. கார்னர் போஸ்டின் (மூலையில் நிற்கும் வினைல் துண்டு, பேனல் முனைகள் இதற்குள் நுழையும்) இருபுறமும் கோடுகள் அரை இன்ச் ஏறியிறங்கி நிற்கும், தரையிலிருந்து கூரை வரை ஒவ்வொரு வரிசையிலும். ஆகையால் சுவர் சுவராக முடிவெடுக்காதீர்கள். நான்கு மூலைகளுக்கும் நான்கு உயரங்களை முடிவு செய்யுங்கள், சுவர்க்கோடுகள் தாமாக அமையும். மேலே சொன்ன வீட்டில் முன்-இடது மூலை 0, முன்-வலது அரை இன்ச் கீழே, பின்-வலதும் அரை இன்ச் கீழே, பின்-இடது 0. முன்சுவரும் பின்சுவரும் அரை இன்ச் சாயும், இரண்டு பக்கச்சுவர்களும் மட்டம், எல்லா மூலைகளும் சேரும். அரை இன்ச் சாய்வால் பேனலின் முனைவெட்டு கோணலாகுமே என்று கவலைப்பட வேண்டாம். எட்டு இன்ச் உயரத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாதது, கார்னர் போஸ்டின் பொந்துக்குள் மறைந்துவிடும்.

உயரங்கள் முடிவானதும் இரண்டு சோதனைகள். எந்த மூலையிலும் சைடிங்கின் அடி, தரையிலிருந்து ஆறு இன்ச்சுக்குக் குறையக்கூடாது. தரையும் சாய்ந்திருக்கும் என்பதால் ஒரு மூலையில் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். அதேபோல எந்த மூலையிலும் சில் மரம் வெளியே தெரியக்கூடாது, சைடிங் அஸ்திவாரத்தின்மேல் ஒரு இன்ச்சாவது தொங்க வேண்டும்.

4. ஒரு சுவரைக் கழற்றுங்கள், ஒரு சுவரை முடியுங்கள்

நான்கு பக்கமும் உரித்துப் போட்டுவிட்டு மழைக்குப் பயந்துகொண்டிருக்காதீர்கள். ஒரு சுவரைக் கழற்றி, தண்ணீர்த் தடுப்புவரை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பின்சுவரில் தொடங்குவது நல்லது, கை பழகுவதற்குள் நேரும் பிசிறுகள் தெருவைப் பார்க்காமல் இருக்கும்.

பழைய வீடுகளில் உள்ளே இருப்பது முக்கால் இன்ச் மரப்பலகை உறை. ஜன்னலுக்குக் கீழும், கூரைகள் சுவரைத் தொடும் இடங்களிலும் பலகை கறுத்திருக்கும். இற்றதை வெட்டி எடுத்து அதே தடிமனில் புதிது போடுங்கள். துருத்தி நிற்கும் பழைய ஆணிகளை உள்ளே தட்டுங்கள். ஸ்டட்கள் (சுவருக்குள் செங்குத்தாக நிற்கும் மரச்சட்டங்கள்) எங்கே நிற்கின்றன என்று பலகையின் பழைய ஆணி வரிசை காட்டிக்கொடுக்கும். அதை இப்போதே மேலும் கீழும் குறித்துக்கொள்ளுங்கள், தண்ணீர்த் தடுப்புத் தாள் போட்டபின் தேட முடியாது.

5. தண்ணீர்த் தடுப்பு

வினைல் சைடிங் தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை. காற்றோடு அடிக்கும் மழை அதன் பின்னால் போகத்தான் செய்யும். சுவரைக் காப்பாற்றுவது பின்னாலிருக்கும் ஹவுஸ் ராப்பும் (சுவரைச் சுற்றும் தண்ணீர்த் தடுப்புத் தாள்) ஃப்ளாஷிங்கும்தான்.

கீழிருந்து மேலே சுற்றுங்கள். மேலே வரும் தாள் கீழே உள்ளதன்மேல் ஆறு இன்ச் படிய வேண்டும், மாறிப் படிந்தால் இறங்கும் தண்ணீர் நேரே மரத்துக்குப் போகும். ஜன்னலில் முதலில் அடி, பிறகு பக்கங்கள், கடைசியில் தலை. தலை ஃப்ளாஷிங்கின்மேல் ஹவுஸ் ராப் வந்து விழ வேண்டும், அதற்கு அடியில் அல்ல. சின்னக் கூரையொன்று சுவரோடு முடியும் இடத்தில், தண்ணீரைச் சுவரிலிருந்து வெளியே தள்ளும் கிக்-அவுட் ஃப்ளாஷிங் பெரும்பாலான பழைய வீடுகளில் இருக்காது. இப்போது விட்டால் மறுபடி வைக்க வழியில்லை.

6. மேடு பள்ளம்

கோணல் ஒரு பிரச்சினை, சுவர் அலையலையாக இருப்பது வேறொரு பிரச்சினை. அலையை நூல் பிடித்துப் பாருங்கள். ஒரே பலகையிலிருந்து முக்கால் இன்ச் தடிமனில் மூன்று துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். சுவரின் இரு முனையிலும் துண்டுகளை வைத்து அவற்றின்மேல் நூலை விறைப்பாகக் கட்டுங்கள். மூன்றாவது துண்டை நூலுக்கு அடியில் தள்ளிக்கொண்டே போங்கள். துண்டு நூலை வெளியே தள்ளினால் அங்கே மேடு, நூலுக்கும் துண்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் பள்ளம். பென்சிலால் ஹவுஸ் ராப்பிலேயே "+" "−" போட்டு அளவை எழுதுங்கள். இரண்டடி உயரத்துக்கு ஒரு நூல் போதும்.

எட்டடிக்குள் கால் இன்ச் ஏறியிறங்குவது பெரிய குறையல்ல. அதற்கு மேலென்றால் ஸ்டட்கள்மேல் 16 இன்ச்சுக்கு ஒன்றாகச் செங்குத்தான ஃபர்ரிங் பட்டைகளை (மெல்லிய மரப்பட்டைகளை) அடித்து, பள்ளத்தில் ஷிம் (மெல்லிய அடைப்புத் துண்டு) வைத்து ஒரே தளத்துக்குக் கொண்டுவாருங்கள். மிகப் பெரிய மேட்டை அடிப்படையாக வைத்து மற்றதை உயர்த்த வேண்டும். ஷிம்மை ஆணியைவிட்டுத் தள்ளி வைக்காதீர்கள், பட்டை அங்கே வளையும். ஜன்னலைச் சுற்றியும் அடிவிளிம்பிலும் மூலையிலும் கிடைமட்டப் பட்டைகளும் தேவை, ஓரத் துண்டுகளுக்கு ஆணி அடிக்க இடம் வேண்டுமே.

ஃபர்ரிங் போட்டால் சுவர் முக்கால் இன்ச் முன்னால் வந்துவிடும், ஜன்னல் சட்டம் உள்ளே போய்விடும். ஜன்னலைச் சுற்றிச் சட்டத்தை அகலமாக வெளியே இழுத்துக் கட்டுவதற்கும் சேர்த்துத்தான் செலவு போட வேண்டும். இதை முன்கூட்டி யோசிக்காமல் பாதிச் சுவரில் விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலும், ஃபர்ரிங்மேல் போடலாமா, பின்னால் ஃபோம் தேவையா என்பது பேனலுக்குப் பேனல் மாறும். பெட்டியோடு வரும் கையேட்டைப் பாருங்கள்.

7. கார்னர் போஸ்ட்

மூலை சாய்ந்திருந்தால் போஸ்டைத் தூக்குக்குண்டுக்கு நேராக நிறுத்துவதா, வீட்டின் சாய்வில் விடுவதா என்ற கேள்வி எப்போதும் வரும். முழு உயரத்துக்கு அரை இன்ச் சாய்வென்றால் வீட்டோடு போகட்டும். போஸ்ட் வளையாமல் இருப்பதுதான் முக்கியம். சாய்ந்தாலும் வளையாமல் நிற்கும் போஸ்ட் கண்ணில் படாது, வளைந்தது உடனே படும்.

சாஃபிட்டிலிருந்து கால் இன்ச் விட்டு, போஸ்டின் மேல் ஆணித்துளையின் உச்சியில் இரண்டு பக்கமும் ஓர் ஆணி. போஸ்ட் அந்த இரண்டு ஆணியில் தொங்கும். மற்ற ஆணிகளைத் துளையின் நடுவில் 8 முதல் 12 இன்ச்சுக்கு ஒன்றாக அடியுங்கள். அடிமுனை, ஸ்டார்ட்டரின் கீழ் விளிம்பு வரும் இடத்தைவிட முக்கால் இன்ச் கீழே இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேனலின் முனை வெளியே எட்டிப் பார்க்கும்.

8. ஸ்டார்ட்டர் ஸ்ட்ரிப்

மூன்றாம் படியில் முடிவு செய்த நான்கு உயரங்களை அஸ்திவாரக் குறிகளிலிருந்து அளந்து மூலைகளில் ஆணி அடித்து, சாக் லைன் போடுங்கள். நீளமான சுவரில் நூல் நடுவில் தொய்யும். நடுவிலும் ஒருவர் பிடித்து இரு பாதியாகத் தட்டுங்கள். ஸ்டார்ட்டரின் மேல் விளிம்பு கோட்டில் உட்கார வேண்டும்.

சில் மரம் உயர்ந்திருக்கும் முனையில் கோடு மரத்துக்குக் கீழே, அஸ்திவாரத்தின்மேல் இறங்கிவிடலாம். அங்கே ஆணி பிடிக்காது. மருந்தேற்றிய பிளைவுட்டை ஆப்பாக அறுத்து சில் மரத்தில் பிடித்துக் கீழே தொங்கவிட்டு, அதில் ஸ்டார்ட்டரை அடியுங்கள். பாவாடைப் பலகை போடுகிறீர்கள் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டு ஸ்டார்ட்டர் துண்டுகளுக்கு நடுவிலும், போஸ்ட் ஓரத்திலும் கால் இன்ச் இடைவெளி விடுங்கள். பத்து இன்ச்சுக்கு ஓர் ஆணி. முடிந்ததும் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். வெறும் ஸ்டார்ட்டரே கோட்டைச் சொல்லிவிடும். மாற்றுவதற்கு இதுவே கடைசி வாய்ப்பு.

9. ஜன்னல்கள்

பேனல் ஏற்றுமுன் ஒரு நீளக் கம்பில் எட்டு எட்டு இன்ச்சாக வரிசைகளைக் குறித்து, ஸ்டார்ட்டரில் நிறுத்தி ஒவ்வொரு ஜன்னல் அருகிலும் பாருங்கள். வரிசை விளிம்பு ஜன்னலின் மேல் அல்லது கீழ் விளிம்பை ஒட்டி விழுகிறதா என்பதே கேள்வி. ஜன்னல் தன் அகலத்தில் 3/8 இன்ச் கோணியிருக்கிறது என்று வையுங்கள். அங்கே விழும் துண்டு ஒரு முனையில் அரை இன்ச், மறு முனையில் 7/8 இன்ச் என்றால் கோணல் பளிச்சென்று தெரியும். அதே கோணல் 3 இன்ச், மூன்றேகாலே அரைக்கால் என்று விழுந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆகவே ஸ்டார்ட்டரை ஒரு இன்ச் ஏற்றியோ இறக்கியோ மெல்லிய துண்டு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கம்பு வேலையை ஸ்டார்ட்டர் அடிக்குமுன் நூலை மட்டும் கட்டிக்கொண்டே செய்யலாம், அனுபவப்பட்டவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஜன்னலைச் சுற்றி அடித்துப் பேனல் முனைகளை உள்வாங்கும் ஜே வடிவப் பட்டைதான் ஜே-சேனல். அது ஜன்னலின் கோணலைத்தான் பின்பற்ற வேண்டும். அதை மட்டமாக்கப் போனால் ஜன்னலுக்கும் சேனலுக்கும் நடுவே ஆப்பு வடிவ இடைவெளி திறக்கும். அடி, பக்கங்கள், தலை என்ற வரிசையில் வையுங்கள். தலைச் சேனலின் முனைகளை நாக்காக வெட்டி மடக்கிப் பக்கச் சேனல்களுக்குள் விடுங்கள். பக்கச் சேனலில் இறங்கும் தண்ணீர் ஜன்னலின் கீழ் மூலையில் வந்து விழும். அங்கே ஒரு ஃப்ளாஷிங் துண்டை வைத்து, அதற்குக் கீழுள்ள பேனலின் ஆணிப்பட்டையின்மேல் (ஆணித்துளைகள் உள்ள மேல் விளிம்பு) தொங்கவிட்டால் தண்ணீர் சைடிங்கின் முகத்துக்கு வந்துவிடும்.

விளக்கு, குழாய், டிரையர் புகைவாய் ஆகியவற்றைப் பிடித்து நிறுத்தும் மவுண்டிங் பிளாக்குகளையும் இப்போதே பொருத்திவிடுங்கள்.

10. பேனல்களை ஏற்றுவது

பன்னிரண்டரை அடிப் பேனல் வெயிலுக்கும் குளிருக்கும் அரை இன்ச்சுக்கு மேல் நீண்டு சுருங்கும். அதனால் பேனலைச் சுவரில் இறுக்கிவிடாமல், சட்டையை ஆணியில் மாட்டுவது போல மாட்ட வேண்டும். ஆணித்தலைக்கும் பேனலுக்கும் நடுவே ஒரு டைம் (பத்து சென்ட்) நாணயம் நுழையுமளவு, சுமார் 1/32 இன்ச் விடுங்கள். துளையின் நடுவில், நேராக, 16 இன்ச்சுக்கு ஒன்று. ஆணி மரத்துக்குள் ஒன்றேகால் இன்ச்சாவது இறங்க வேண்டும், ஃபர்ரிங் போட்டிருந்தால் அதற்கேற்ற நீளத்தில் வாங்குங்கள். அடித்தபின் பேனலைப் பிடித்து இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். நகரவில்லையென்றால் ஓர் ஆணி இறுகியிருக்கிறது, கோடையில் அந்த இடம் புடைக்கும்.

முனைகளில் கால் இன்ச் விடுங்கள். வெப்பம் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருக்கும் நாளில் 3/8 இன்ச். பேனல்கள் சேரும் இடத்தில் ஒரு இன்ச் மேல்படிவு, வாசலிலிருந்து பார்க்கையில் விளிம்பு தெரியாத திசையில்.

கோணல் வீட்டில் மிகப் பெரிய சபலம், வரிசை இறங்கித் தெரியும் முனையில் பேனலை மேலே இழுத்துப் பிடித்து ஆணி அடிப்பது. செய்யாதீர்கள். இழுத்த பேனலில் பூட்டு விறைத்து, குளிரில் கழன்றுகொள்ளும். உங்கள் கண்ணில் படும் இறக்கம் பெரும்பாலும் வேறொன்று: பூட்டு முழு நீளத்துக்கும் மாட்டவில்லை. பேனலை அடியிலிருந்து உள்ளங்கையால் மேலே அழுத்திக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போங்கள். பூட்டு விழும் சத்தம் தொடர்ந்து கேட்க வேண்டும். பிறகு ஆள்காட்டி விரலை விளிம்புக்கு அடியில் ஓட்டுங்கள், மாட்டாத இடத்தில் விரலுக்குப் படி தட்டுப்படும்.

ஐந்து வரிசைக்கு ஒருமுறை, இரண்டு முனையிலும் நடுவிலும் அஸ்திவாரக் குறியிலிருந்து உயரத்தை அளந்து எழுதுங்கள். மூலையைத் தாண்டிப் போகும்போது பக்கத்துச் சுவரின் அதே வரிசையோடு ஒப்பிடுங்கள். அரைக்கால் இன்ச் பிசகினால் கடைசி இரண்டு வரிசைகளைக் கழற்றிப் பூட்டைச் சரிபார்ப்பது அரைமணி வேலை. கூரைக்குப் போனபின் தெரிந்தால் சுவர் முழுதும் இறங்க வேண்டும்.

ஜே-சேனலுக்கும் பேனலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கால்க் (இடைவெளி அடைக்கும் பசை) வைத்து அடைக்காதீர்கள். பேனல் நகரவும் தண்ணீர் இறங்கவும் அந்த இடைவெளி வேண்டும்.

11. மேல் வரிசையும் முக்கோணச் சுவரும்

சாஃபிட்டுக்கடியில் கடைசித் துண்டை ஒரே அளவில் வெட்டாதீர்கள். மூன்றடிக்கு ஓரிடம் அளந்து, கால் இன்ச் கழித்து, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டு வெட்டுங்கள். வெட்டிய விளிம்பில் ஆறு இன்ச்சுக்கு ஒன்றாக ஸ்னாப்-லாக் பஞ்ச் என்னும் கருவியால் சிறு புடைப்புகளைப் போட்டால், சாஃபிட்டுக்கடியில் அடித்த மேல் டிரிம் (ஓரப்பட்டை) அதைப் பிடித்துக்கொள்ளும். வெட்டிய பேனல் சுவரோடு ஒட்டிப் படுத்துவிடாமல் இருக்க, டிரிமுக்குப் பின்னால் மெல்லிய பட்டை வேண்டும்.

முக்கோணச் சுவரில் கூரைச் சரிவு இரு பக்கமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒரு துண்டுப் பேனலைக் கீழ் வரிசையில் பூட்டி, இன்னொரு துண்டைக் கூரைச் சரிவோடு பிடித்துக் கோடு போட்டு, இடதுக்கு ஒரு மாதிரியும் வலதுக்கு ஒரு மாதிரியும் தனித்தனியாக வெட்டி வையுங்கள். மாதிரிகளில் பக்கத்தைப் பேனாவால் எழுதிவிடுங்கள்.

மீந்த பேனல்களைத் தூக்கிப் போடாதீர்கள். நிறங்கள் வருடத்துக்கு வருடம் கடையிலிருந்து காணாமல் போகும். ஏழெட்டுப் பேனலையாவது பேஸ்மென்ட்டில் படுக்கை நிலையில் வைத்து, பெட்டியின் லேபிளைக் கிழித்துச் சேர்த்துக் கட்டுங்கள். ஒரு பேனல் உடைந்தால் ஜிப் டூல் என்னும் கொக்கிக் கருவியால் மேல் வரிசையின் பூட்டைத் திறந்து அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.